வெளியில் மாமா

பிப்ரவரி 5, திங்கள்

வக்கீல் கோமதி மேடம் இன்றிலிருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளையை எப்போது பார்த்தேன், என்ன வாங்கிக் கொடுத்தேன், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். "நாளைக்குக் கூண்டுல நிக்கும்போது திருதிருன்னு முழிக்கக் கூடாது, பாருங்க" என்றார். அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோதே நான் திருதிருவென்றுதான் முழித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

ஆகவே எழுதுகிறேன். என் பெயர் ஆவுடையப்பன். வயது முப்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் குடிநீர் வால்வு திறந்துவிடுகிற வேலை. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். பதினாலு தெருவுக்கு என் கையால்தான் தண்ணீர் போகிறது. தர்ஷிகா என் மகள். வருகிற ஜூனில் ஆறு வயது முடிகிறது. அவள் அம்மா பிரம்மசக்தி. போன டிசம்பர் பதினேழாம் தேதி சக்தி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டாள். அங்கே உலகநாதன் என்பவர் இருக்கிறார். சட்டப்படி அவர்தான் அவள் புருஷன்.

சட்டப்படி என்பது மேடம் சொன்ன சொல். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே சக்தியும் அவரும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் வந்தேன். அந்தப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்து மேடத்திடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "இதை வச்சு ஆடு வாங்கலாம், விக்கலாம். விவாகரத்து ஆகாது" என்றார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

காலை நாலு மணிக்கு வால்வு. பால்பண்ணைத் தெருவில் குடத்துக்காக இரண்டு பேர் சண்டை. அடைத்துவிடுவேன் என்று ஒரு சத்தம் போட்டதும் சமாதானமாகிவிட்டார்கள்.

மதியம் கோர்ட்டில் வைத்து மேடம் சட்டம் சொன்னார். கல்யாணம் கோர்ட்டில் முறியாத வரைக்கும் ஒரு பெண்ணுக்குப் பிறக்கிற பிள்ளையைப் புருஷனுடைய பிள்ளை என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். அவர் அவளை நெருங்கவே வழியில்லாமல் இருந்தார் என்று காட்டினால் மட்டுமே அது மாறும்.

"அந்த வருஷம் உலகநாதன் எங்க இருந்தார்?"

"மேலப்பாளையத்துல. ஒரு லாரி ஷெட்ல."

"நீங்களும் சக்தியும் இருந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர் இருக்கும்."

மேடம் பேனாவை மூடினார். அந்த வருஷம் அந்த ஆள் குடித்துக் கிடந்த இருப்புக்குத் தன் செருப்பையே அடையாளம் தெரியாது, மூணு கிலோமீட்டர் எப்படி நடந்து வந்திருப்பார் என்று கேட்டேன். அதெல்லாம் வாதம் ஆகாதாம். ரத்தப் பரிசோதனை எடுத்தால் ஒரே நாளில் தெரிந்துவிடுமே என்றேன். அதற்கும் உத்தரவு வேண்டும், பிள்ளையின் பேர் கெட்டுப் போகும் என்று லேசில் கொடுக்க மாட்டார்கள் என்றார்.

பிறப்புச் சான்றிதழில் உலகநாதன் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் சக்தியின் ஆதார் கார்டைப் பார்த்து அவர்களே எழுதிவிட்டார்கள் என்று சொன்னேன்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். சக்தியே என் மேல் ஜீவனாம்சம் கேட்டு, பிள்ளைக்குத் தகப்பன் நான்தான் என்று வழக்குப் போட்டு, நான் அதை ஒத்துக்கொண்டால் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கலாம். அதுவும் நிற்கும் என்று சொல்ல முடியாது. கோர்ட்டு வராந்தாவில் இறங்கி வருகிறேன், ஒருவன் போனில் கத்திக்கொண்டிருந்தான், "அது எனக்குப் பொறந்ததே இல்லன்னு சொல்லுங்க சார், பத்துப் பைசா குடுக்க மாட்டேன்" என்று. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

சங்கரன்கோவில் போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். உலகநாதன் மாவு மில் வைத்திருக்கிறார். குடியை விட்டு மூன்று வருஷமாம். மில்லுக்குப் பின்னால்தான் வீடு. அவர் ஏதோ பெல்ட் வாங்கப் போயிருந்தார். பிள்ளை பக்கத்துத் தெருவில் ஒரு பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். சக்தி தராசு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் மாவு படிந்திருந்தது.

"எதுக்கு வந்தீங்க?"

"என் மேல ஒரு கேஸ் போடு சக்தி."

அவள் தராசுத் தட்டைத் துடைத்தாள்.

"பிள்ளைக்குச் செலவுக்கு வேணும்னு போடு. மாசம் எவ்வளவுன்னாலும் எழுது. நான் கோர்ட்டுல வந்து ஆமான்னு சொல்லுதேன். தகப்பன் நான்தான்னு ஒரு எழுத்துக் கெடைச்சாப் போதும்."

"ஊருல காசு குடுக்காத ஆம்பளையத்தான் கோர்ட்டுக்கு இழுக்காவ. நீங்க என்னன்னா இழு இழுன்னு வந்து நிக்கீங்க."

"அந்தப் பத்திரம் செல்லாதாம். வேற வழி இல்லன்னு வக்கீலம்மா சொல்லுதாவ."

"அந்தக் கேஸுல நான் என்னன்னு எழுதணும்? புருஷன் இருக்கும்போதே இன்னொருத்தருக்குப் பிள்ள பெத்தேன்னு எழுதணும். எழுதிட்டு நாளைக்கு இதே தெருவுல உக்காந்து நான் மாவு நிறுக்கணும். அப்படித்தான?"

"பத்திரம் எழுதித்தான பிரிஞ்சீங்க."

"அது செல்லாதுன்னு ஒங்க வக்கீலே சொல்லியாச்சுல்லா." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "ஆறு வருஷமா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அத நீங்க செய்யல. இப்ப நீங்க கேக்கத மட்டும் நான் செய்யணும்."

அவள் எதைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு அம்மாள் கோதுமையோடு வந்தாள். சக்தி எழுந்து மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை.

மார்ச் 4, திங்கள்

மனு போட்டாயிற்று. நானே தகப்பன் என்று அறிவிக்க வேண்டும், பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டும், பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும், பிள்ளையின் செலவை நான் ஏற்க அனுமதிக்க வேண்டும். கடைசி வரியைத் தட்டச்சு செய்த பையன் இரண்டு தடவை படித்துப் பார்த்தான்.

மார்ச் 9, சனி

பிள்ளை செலவுக்கென்று சக்திக்கு அனுப்பிய மணியார்டர் திரும்பி வந்தது. வாங்க மறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். தபால்காரர் எனக்குத் தெரிந்தவர். "யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். சொந்தக்காரங்க என்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

ஆதாரம் என்ன இருக்கிறது என்று மேடம் கேட்டார். யோசித்து யோசித்துச் சொன்னேன்.

போட்டோ ஒன்று இருக்கிறது. சக்தி போனில் எடுத்தது. பிள்ளை என் தோளில் தூங்குகிறாள். என் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. வேறு போட்டோ இல்லை. எனக்குப் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது.

பள்ளிக்கூடப் படிவத்தில் உலகநாதன் பெயர். பிறப்புச் சான்றிதழில் அது இருக்கும்போது வேறு எப்படி எழுதுவார்கள்? பீஸ் கட்டியது முழுக்க நான். ரசீது சக்தி பெயரில். வாடகை கொடுத்தது நான். ஒப்பந்தம் சக்தி பெயரில். காஸ் சிலிண்டர் சக்தி பெயரில். பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது நான். சீட்டில் என் பெயர் எங்கேயும் இல்லை.

"அக்கம்பக்கத்துல யாராவது சாட்சி சொல்வாங்களா?"

"அவங்க என்னைச் சக்திக்குத் தூரத்துச் சொந்தம்னு நினைச்சிட்டிருக்காங்க மேடம்."

"ஏன் அப்படி நினைச்சாங்க?"

நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். ராத்திரி அம்மா வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவேன் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.  மேடம் டீ சொன்னார். பதினாலு தெருவில் எந்த வீட்டில் எத்தனை குடம் என்று எனக்குத் தெரியும், எல்லாருக்கும் என்னைத் தெரியும், ஆனால் நான் ஒரு பிள்ளைக்குத் தகப்பன் என்று தெரிந்த ஆள் அதில் ஒருவர் கூட இல்லை என்பது டீ குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏப்ரல் 10, புதன்

இன்று கோர்ட்டில் ஆலோசகர் முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள். சக்தி, உலகநாதன், பிள்ளை மூன்று பேரும் வந்தார்கள். நூற்றுப் பதினைந்து நாள் கழித்து அவளைப் பார்க்கிறேன். பச்சை கவுன். இரட்டைச் சடை. ஒரு பல் விழுந்திருக்கிறது. அது எப்போது விழுந்தது என்று கூட எனக்குத் தெரியாது.

அந்த அறையில் பிளாஸ்டிக் சறுக்குமரமும், சுவரில் முயல் படமும் இருந்தன. ஆலோசகர் அம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். என்னைக் காட்டி, "பாப்பா, இவங்க யாரும்மா?" என்று கேட்டார்.

தர்ஷிகா என்னைப் பார்த்தாள். சிரித்தாள். வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மேசை, ஃபேன், முயல் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"மாமா" என்றாள்.

"எந்த மாமா?"

"தண்ணி தொறந்து விடுத மாமா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. நான் வழக்கம்போல் தலையாட்டினேன். ஆலோசகர் எழுதிக்கொண்டார். சக்தி குனிந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 11, வியாழன்

மேடம், இந்தப் பக்கத்தைக் கோர்ட்டில் காட்ட வேண்டாம்.

பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சக்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கு நாலு ஆள் முன்னால் எங்கள் சூப்பர்வைசர் நின்றார். நான் காது கேட்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "யாரு பிள்ளடே இது?" என்றார் சூப்பர்வைசர். "தெரியல சார், ஆள் மாறிக் கூப்பிடுது" என்றேன்.

அன்று சாயங்காலம்தான் சொல்லிக் கொடுத்தேன். கதவுக்கு உள்ளே அப்பா, கதவுக்கு வெளியே மாமா. சரியாகச் சொன்னால் தேன்மிட்டாய். இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அது விளையாட்டு. வாசற்படியில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு "அப்பா மாமா, அப்பா மாமா" என்று குதிப்பாள். நானும் சிரிப்பேன். சக்தி சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அடுத்தவன் பெண்டாட்டியோடு இருக்கிறான் என்று எவனாவது ஒரு மொட்டைக் கடிதாசி போட்டால் தற்காலிக வேலைக்காரனை யார் நிரந்தரம் பண்ணுவார்கள்? வேலை நிரந்தரமானதும் எல்லாவற்றையும் சரி பண்ணிவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவிடமும் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நேற்று பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. கோர்ட்டு வெளி. நான் சொல்லிக் கொடுத்தபடிதான் சொன்னாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வழக்கு விஷயம் காதுக்கு வந்ததிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. பாயசத்தை வைத்துவிட்டுப் போனாள்.

மே 20, திங்கள்

கோர்ட்டு விடுமுறை. மேல ரத வீதி வால்வை அடைக்க மறந்து தூங்கிவிட்டேன். ரோட்டில் முழங்கால் தண்ணீர். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 3, திங்கள்

நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு. எல்லாரும் கை கொடுத்தார்கள். பம்பு ரூம் செல்லையா லட்டு வாங்கி வந்து என் பேரைச் சொல்லிக் கொடுத்தான்.

ஆபீசில் ஒரு படிவம் தந்தார்கள். குடும்ப உறுப்பினர் விவரம். அம்மா பெயருக்குக் கீழே தர்ஷிகா என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். என் கையால் அப்படி எழுதியது இதுதான் முதல் தடவை. கிளார்க் பார்த்துவிட்டு, "கல்யாணமே ஆகலையே அண்ணாச்சி? சரி, பர்த் சர்டிபிகேட் ஜெராக்ஸ் இருந்தா வைங்க" என்றார். இல்லை என்றேன். அவர் சத்தமில்லாமல் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் என்னைச் சுருக்கொப்பம் இடச் சொன்னார். இட்டேன்.

ஜூன் 8, சனி

இன்று தர்ஷிகாவுக்கு ஆறு முடிந்தது.

ஜூன் 12, புதன்

விசாரணை. எதிர் வக்கீல் சின்ன வயசுக்காரர், கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய ஒரு ஜெராக்ஸை என் கையில் கொடுத்தார். பிறப்புத் தகவல் படிவம்.

"இதுல தகவல் சொன்னவர்னு ஒரு கையெழுத்து இருக்கு. யாரோடது?"

"என்னுது."

"படிவத்தை நிரப்பினது?"

"நான்தான்."

"தகப்பனார் பெயர் என்ன எழுதியிருக்கீங்க?"

"உலகநாதன்."

"குழந்தைக்கு நீங்க என்ன உறவுன்னு எழுதியிருக்கீங்க?"

"தெரிந்தவர்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கோமதி மேடம் எழுந்து அந்தப் படிவத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் முதலில் 'ஆ' என்று எழுதி அடித்திருக்கிறது, மனுதாரர் தன் பெயரைத்தான் எழுத ஆரம்பித்திருக்கிறார் என்பதை நீதிமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

எதிர் வக்கீல் என்னிடம் திரும்பினார். "அடிச்சது யாரு சார்?"

"நான்தான்" என்றேன்.

வெளியே வந்ததும் மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

ஜூன் 13, வியாழன்

பிப்ரவரி 6-ஆம் தேதி எழுதியது பொய்.

நர்ஸ் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். ஆதாரில் இருக்கிறபடி எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 'ஆ' எழுதிவிட்டேன். அப்போது வராந்தாவில் செல்லையா வந்தான். அவன் பெண்டாட்டியும் அன்றுதான் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். "என்னடே இங்க?" என்றான். தெரிந்த பிள்ளைக்கு ஒத்தாசைக்கு வந்தேன் என்றேன். அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். இவ்வளவுதான் நடந்தது. இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

சக்தி கட்டிலில் இருந்து கேட்டாள், "பேரு போட்டாச்சா?" போட்டாயிற்று, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளையையும் அந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

எழுதியதோடு எழுதியதாக இதையும் எழுதிவிடுகிறேன். போன நவம்பரில் ஒரு நாள், சாயங்கால வால்வுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். "அவரு ஆள் விட்டுக் கேட்டிருக்காரு. பிள்ளையையும் தன் பிள்ளையா வச்சுப் பாக்கேன்னு சொல்லுதாராம். நான் என்ன சொல்லட்டும்?" என்று சக்தி கேட்டாள். வந்து பேசுவோம் என்றேன். வந்து பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் காலை வால்வு முடிந்து போனபோது வீடு பூட்டியிருந்தது. சாவி மேல் வீட்டில் இருந்தது. சொந்தக்காரரிடம் கொடுத்துவிடும்படி சொல்லியிருந்தாளாம்.

ஜூலை 22, திங்கள்

தள்ளுபடி. பரிசோதனைக்கு உத்தரவு இல்லை. பிள்ளை திருமணத்துக்குள் பிறந்தது, புருஷன் தன் பிள்ளை என்கிறார், தாய் மறுக்கவில்லை, ஆவணம் எல்லாம் அதையே சொல்கிறது. மூன்றாம் நபருக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை.

மூன்றாம் நபர் என்றால் யார் என்று மேடத்திடம் கேட்டேன். 

ஆகஸ்ட் 2, வெள்ளி

மதுரைக்கு மேல்முறையீடு போகலாம் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உலகநாதன் தன் வக்கீலோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அவரை இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் பார்க்கிறேன். நரைத்த மீசை. நகக் கண்ணில் மாவு. அவர் நல்லவராக இல்லாமல் இருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது இதுதான். இந்தப் பிள்ளைக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை, இனி ஒருபோதும் உரிமை கோர மாட்டேன் என்று நான் நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்றார். "இதுவும் அந்த ஆட்டுப் பத்திரம் மாதிரிதான். ஆனா உங்களுக்கு எதிரா மட்டும் நல்லாச் செல்லும்." மேல்முறையீட்டுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். மூன்று வருஷம், நாலு வருஷம் என்றார். ஜெயிப்போமா என்று கேட்டேன். மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

இரண்டாவது ஞாயிறு என்றால் பதினொன்றாம் தேதி. ஒன்பது நாள்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒன்பதரைக்கே போய்விட்டேன். தெருமுனையில் நின்று பத்தானதும் வீட்டுக்குள் போனேன். உலகநாதன் நாற்காலி போட்டார். சக்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தர்ஷிகா ஒன்றாம் வகுப்பு. எனக்குப் பாட்டுப் பாடிக் காட்டினாள். மில்லைக் காட்டினாள், மிளகாய்க்கு ஒரு மெஷின் மாவுக்கு ஒரு மெஷின் என்று சொன்னாள். உலகநாதன் ஏதோ எடுக்கக் கடைப் பக்கம் போனபோது ஓடிவந்து என் காதில் வாயை வைத்துக் கேட்டாள்.

"இது உள்ளயா, வெளியயா?"

 பிள்ளை என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"வெளிய" என்றேன்.

"சரி மாமா" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று நான் போகும்போது அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆறரை மணியிலிருந்து நிற்கிறாளாம். இரண்டு மணி நேரமும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது மணி பார்க்கத் தெரிகிறது.

பன்னிரண்டுக்கு நான் எழுந்ததும் பின்னாலேயே வந்தாள். சக்தி தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து அழுகை கேட்டது. உலகநாதன் என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். நிழலில் நின்றோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. போன மாசம் நீங்க வந்துட்டுப் போனப்புறம் பிள்ள மூணு நாளு சாப்பிடல. சோத்தக் கண்டாலே வாயை மூடிக்கிடுதா. பள்ளிக்கூடத்துலயும் அப்படியேதான். டாக்டர்ட்ட காட்டினேன். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"எழுதிக்கிட்டது எழுதிக்கிட்டதுதான். நீங்க வந்தா நான் கதவ அடைக்க மாட்டேன். அது சத்தியம். ஆனா கொஞ்ச நாளைக்கு வராம இருந்தீங்கன்னா பிள்ள ஒரு நிலைக்கு வந்துரும்னு படுது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தகப்பனா யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி."

என்னை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கோர்ட்டு சொல்லவில்லை, சக்தி சொல்லவில்லை, என் அம்மா சொல்லவில்லை, வழக்கை விட்டால் நானே என் வாயால் வெளியில் சொன்னதில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு. போகவில்லை.

நாலு மணிக்கு வால்வு. எட்டுத் தெரு முடித்தேன். சங்கரன்கோவில் பஸ் ஏழு மணிக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. மூன்றும் போகும்வரை தொட்டியடியில் உட்கார்ந்திருந்தேன். மீதி ஆறு தெருவையும் திறந்தேன். சட்டை துவைத்தேன். சைக்கிளைத் துடைத்தேன்.

பத்து மணிக்கு வாசலில் நின்றிருப்பாள். பதினொன்றுக்கும் நின்றிருப்பாள். பன்னிரண்டு அடித்ததும் இனி வர மாட்டேன் என்று புரிந்திருக்கும். ஒரு மணிக்குச் சோறு போட்டிருப்பார்கள்.

சாப்பிட்டாளா என்று தெரியவில்லை.